கூட்டுப் பட்டாவுக்கு ஒரு போட்டோ

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மானியத் திட்டங்களைப் பற்றி எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். நானும் எழுத மாட்டேன். திட்டத்தின் பெயர் வருஷத்துக்கு ஒரு முறை மாறும், நிபந்தனைகள் அதற்கு முன்பே மாறிவிடும். அதற்கெல்லாம் சுற்றறிக்கை இருக்கிறது. நான் ஒரே ஒரு தென்னந்தோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வேளாண்மை அலுவலராக இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வும் பெற்றேன். வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்களின் மரியாதை எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. சந்தோஷம் என்றாலும் ஒரு 'ங்க', கோபம் என்றாலும் ஒரு 'ங்க'. எங்கள் ஊரில் இரண்டு பேருக்குள் சண்டை என்றால் தெருமுனை வரைக்கும் கேட்கும், மறுநாள் ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போகும். இங்கே அப்படியில்லை. குரலே உயராது. ஆனால் வருஷக்கணக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்திருக்க மாட்டார்கள். யாருக்குள் என்ன புகைகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

செல்லமுத்து அப்படிப்பட்ட ஊரின் அப்படிப்பட்ட ஆள். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய அப்பா வைத்த தென்னைகள் அவை. போர்த் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வாய்க்காலில் விட்டால் பாதி மண்ணுக்கே போய்விடுகிறது என்று இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பிஞ்சுக் குரும்பையெல்லாம் உதிர்ந்து, மட்டைகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. சொட்டுநீர்க் குழாய் போட்டால் இருக்கிற தண்ணீரில் மரங்கள் அந்தக் கோடையைத் தாண்டும், போடாவிட்டால் தாண்டாது. சிறு விவசாயி என்பதால் முழுச் செலவும் அரசாங்க மானியம். எல்லாம் தயாராக இருந்தது, ஒரு கையெழுத்தைத் தவிர.

அப்பா இறந்தபின் பட்டா அவர் பெயருக்கும் தங்கை துளசிமணியின் பெயருக்கும் சேர்ந்து மாறியிருந்தது. ஒரு நிலத்துக்கு இரண்டு பேர் உரிமையாளர் என்றால் அது கூட்டுப் பட்டா. அந்த நிலத்துக்கு மானியம் வேண்டுமென்றால் இன்னொருவரும் 'எனக்குச் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துளசிமணி திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதப் பேப்பரை அனுப்பி உட்டனுங்க மேடம்," என்றார் செல்லமுத்து. "போடாமத் திருப்பி அனுப்பிச்சுட்டாளுங்க."

"ஏன்?"

"பங்கு கேக்கறாளாட்ட இருக்குதுங்க. கேட்டாக் குடுத்தறலாமுங்க. வாயத் தொறந்து கேக்கவும் மாட்டேங்கறா."

"நீங்க நேர்ல போய்க் கேட்டீங்களா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டார். "கொழாய்க் கம்பெனி ஏஜெண்டு திருப்பூரு போறேன்னாருங்க. அவருகிட்டக் குடுத்து உட்டேன்."

எனக்கு அப்போதே விஷயம் பாதி புரிந்துவிட்டது. இந்த ஊரில் நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, கூப்பிடுவதென்றாலும் அண்ணன் நேரில் போக வேண்டும். வாசலில் நின்று, உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசி, கிளம்பும்போது வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னாலே குறை. இவர் தங்கையின் சம்மதத்தைக் கேட்கப் பிளாஸ்டிக் குழாய் விற்கிறவரை அனுப்பியிருக்கிறார்.

நிதியாண்டு முடிய அதிக நாள் இல்லை. முடிந்துவிட்டால் அந்த ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். என் மேலதிகாரி கெட்டவர் அல்ல, அவரையும் மேலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கோப்பை ஓரமா வைங்கம்மா. தனிப் பட்டாக்காரர் யாராவது இருப்பார், அவருக்குப் போட்டு இலக்கை முடிங்க," என்றார். ஏஜெண்டுக்கு இன்னும் சுலபமான வழி தெரிந்திருந்தது. "அந்தம்மா பழைய பத்திரத்துல போட்ட கையெழுத்து இருக்குதுங்க மேடம். பாத்துப் போட்டறலாம். யாரு கேக்கப் போறாங்க?" என்றார். அதற்கு நான் எங்கள் ஊர்க் குரலில் பதில் சொன்னேன். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் பாய்லரை அடைத்துவிட்டு எட்டிப் பார்த்தாராம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் என்னோடு இருந்த ஓர் அலுவலர், எந்தத் தாளைத் திருப்பி அனுப்புவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்பார்: "இதைத் திருப்பினால் நஷ்டம் யாருக்கு? எனக்கா, அந்த ஆளுக்கா?" தனக்கு என்றால் திருப்பிவிடுவார், அந்த ஆளுக்கு என்றால் இன்னொரு தரம் யோசிப்பார். செல்லமுத்துவின் கோப்பை ஓரமாக வைத்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எல்லாம் அவருக்குத்தான். அதனால்தான் திருப்பூருக்கு பஸ் ஏறினேன்.

கம்பெனியில் டீ நேரம். வாசலில் தென்மாவட்டத்துப் பேச்சும் இந்தியும் கலந்து கேட்டன. வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொன்னதும் துளசிமணி ஓட்டமும் நடையுமாக வந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி, கையில் நூல் வெட்டும் கத்தரி. நான் யார், எந்த ஊருக்கு அலுவலர் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அண்ணனுக்கு ஏதாச்சுங்களா?"

ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்றேன். மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் முகத்தை இறுக்கிக்கொண்டார். "அந்தப் பேப்பருக்குத்தானுங்களா இத்தனை தூரம்?"

டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க என்னை விடவில்லை. மதில் ஓரமாக நின்றுகொண்டே பேசினார். அவர் மகளுடைய தெரட்டிச் சீருக்கு செல்லமுத்து வரவில்லை. பெண் பெரியவளானதற்குச் செய்யும் சீர் அது. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டித் தர வேண்டும். அந்தச் சமயம்தான் செல்லமுத்து போர் போட்டுத் தண்ணீர் விழாமல் கடனில் நின்றிருந்தார். நாலு பேர் முன்னால் குறைச்சலான சீரோடு போய் நிற்பதற்குப் பதில் போகாமலே இருந்துவிட்டார்.

"வெறுங்கையோட வந்திருந்தாலும் நான் ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டேனுங்க," என்றார் துளசிமணி. "ஓலை மட்டும் வெட்டிட்டு வந்திருந்தாப் போதுமுங்க. எங்கப்பா வெச்ச மரம் அத்தனை நிக்குது. எம் புள்ளைக்குச் சந்தையில காசு குடுத்து ஓலை வாங்கிக் குடிசை கட்டினாங்க."

டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே மேலும் சொன்னார்:

"பங்கெல்லாம் எனக்கு எதுக்குங்க? பொறந்த ஊட்டுக்கு ஒறம்பரையாட்டப் போயி ஒரு நேரம் உக்காந்து சாப்புட்டுட்டு வரோணும். அண்ணன் எப்பவும் அம்மிணீன்னுதான் கூப்புடும். அதைக் கேட்டே வெகுநாளாச்சுங்க."

பிறகு, "தொட்டிக்குப் பக்கத்துல ஒரு மரம் கொஞ்சம் சாஞ்சாப்புல நிக்குமுங்க. அது இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தத் தோப்புக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். தொட்டியைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்வது நம் இலாகாவில் யாருக்கும் புதிதில்லை.

உள்ளே மணி அடித்தது. துளசிமணி டம்ளரை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"பேப்பரைக் குடுங்க, போட்டுத் தாரேன். மரம் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். தாள் என் பையில் இருந்தது. பேனா கையில் இருந்தது. கொடுத்திருந்தால் அன்று மாலையே கோப்பு முடிந்திருக்கும், மேலதிகாரி சந்தோஷப்பட்டிருப்பார், மரங்களுக்குத் தண்ணீர் போயிருக்கும். உங்களில் பலர் கொடுத்திருப்பீர்கள், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அண்ணனுக்கு ஏதாச்சா என்று கேட்ட அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது. அந்தக் கையெழுத்தை எவளோ ஓர் அதிகாரியிடம் கம்பெனி வாசலில் போட்டுக் கொடுத்துவிட்டால், அப்புறம் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒருவரை ஒருவர் தேடிப் போகக் காரணமே இருக்காது. அந்த இரண்டு பேருக்கும் நடுவே மிச்சமிருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். மானியம் போய்விடுமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. செல்லமுத்து வீம்பு பிடித்தால் இரண்டும் போய்விடும்.

"இங்கே போடக் கூடாதும்மா," என்றேன். "புது விதி வந்திருக்கு. கூட்டுப் பட்டான்னா உரிமையாளர் எல்லாரும் அந்த நிலத்திலேயே சேர்ந்து நின்னு போட்டோ எடுக்கணும். கையெழுத்தையும் அங்கேயேதான் போடணும்."

அப்படி ஒரு விதி அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. விவசாயி வயலில் நிற்கிற படம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த மதில் ஓரத்தில் நான் போட்ட அரசாணை.

துளசிமணி கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அண்ணன் ஒத்துக்கோணுமே," என்றார்.

செல்லமுத்துவிடமும் அதையே சொன்னேன். அவர் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ரெண்டு பேருஞ் சேந்து நிக்கோணுமுங்களா?"

"ஆமா. விதி."

"அவ வருவாளுங்களா?"

"நீங்க கூப்பிட வேண்டாம். ஆபீஸ்லேருந்து சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

"கவருமெண்டே சொல்லுதுன்னா நாம என்னங்க பண்றது," என்றார். சலித்துக்கொண்ட மாதிரிதான் சொன்னார். ஆனால் ஏதோ ஒரு பாரத்தை வேறு யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி நடந்து போனார். அரசாங்கத்தைத் திட்டாத விவசாயியை நான் பார்த்ததில்லை. இந்தப் பழியையும் அரசாங்கம் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். பயம்தான். செல்லமுத்துவின் மனைவி வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார். அதிகாரி நான் வருகிறேன் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன், மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. செல்லமுத்து சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். நான் கேட்காமலே, "போட்டோவுக்குங்க," என்றார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரம் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

பஸ்ஸில் இறங்கி மண் பாதையில் துளசிமணி நடந்து வந்தார். நல்ல பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் ஒரு பை நிறைய வாழைப்பழமும் மிக்சரும். கையெழுத்துப் போட வருகிறவருக்கு எதற்கு மிக்சர் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அண்ணி ஓடிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டார். அண்ணன் மட்டும் வேலைவெட்டி உள்ளவர் மாதிரி தொட்டிக்குள் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாய்ந்த மரத்தடியில் நிற்கச் சொன்னேன். மரத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தங்கை. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம்.

"இவ்வளவு தள்ளி நின்னா போன்ல ரெண்டு பேரும் விழ மாட்டீங்க," என்றேன். துளசிமணி ஓரடி நகர்ந்தார். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது, கண்ணைச் சுருக்கினார். செல்லமுத்து அதைப் பார்த்தார்.

"வெய்யல்ல நிக்காத அம்மிணி. இக்கட்ட நெழலுக்கு வா," என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார், தினமும் சொல்கிற மாதிரி. துளசிமணி அவர் பக்கத்தில் போய் நின்றார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அப்போது எடுத்த படம் சரியாக வரவில்லை. இரண்டாவதாக எடுத்ததைத்தான் கோப்பில் வைத்தேன். சரியாக வராத படம் என்னிடம் இருக்கிறது.

அந்தச் சாய்ந்த மரத்திலேயே தாளை வைத்துத் துளசிமணி கையெழுத்துப் போட்டார். பட்டையின் வரியெல்லாம் எழுத்தில் விழுந்து, பார்ப்பதற்குக் கோணலாக இருந்தது. நான் கிளம்பியபோது அண்ணியும் அவரும் சமையல்கட்டில் இருந்தார்கள். செல்லமுத்து தேங்காய் உரித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "காயெல்லாம் சின்னதாப் போச்சேண்ணா," என்று உள்ளிருந்து குரல் கேட்டது. "தண்ணி வரட்டும், பெருசாயிரும்," என்றார் அவர். மானியம் அந்த வருஷமே வந்தது. குழாய் போட்டார்கள். ஒன்றிரண்டு போக மற்ற மரங்கள் கோடையைத் தாண்டின.

இத்தோடு முடிந்திருந்தால் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இருந்திருப்பேன். இருந்தேன்தான், ஓய்வு பெறுகிற வரைக்கும். விடை சொல்லிக்கொள்ளத் தோப்புக்குப் போன அன்று செல்லமுத்து இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அப்படியொரு ரூலே இல்லீங்கறது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மேடம். பக்கத்துத் தோட்டமும் கூட்டுப் பட்டாதானுங்க. ஒரு பங்காளி வெளிநாட்டுல இருக்கறாரு. அவரு என்ன, போட்டோவுக்குப் பிளேன் ஏறியா வந்தாரு?"

நான் இளநீரைக் கீழே வைத்தேன். "அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அவ நம்பிட்டு வர்றாளேன்னு நெனச்சனுங்க. நாம போயி எதுக்குக் கெடுக்கறது. அவகிட்டச் சொல்லிறாதீங்க."

துளசிமணியிடம் விடைபெறப் போனபோது அவரும் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். நான் கம்பெனிக்கு வந்துபோன மறுநாளே எங்கள் அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார். போனை எடுத்தவர் சிரித்தாராம். "அண்ணன் உங்க பேச்ச நம்பித்தான் ஒத்துக்கிச்சுங்க. அதுக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படும்," என்றார்.

இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒருவர் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டு நின்றார், ஒருவர் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் எந்த வித்தையும் செய்யவில்லை. அவர்கள் வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தார்கள், நான் ஒரு சாக்கு சொன்னேன். உங்கள் மேசைக்கு வருகிற கோப்புகளிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். கையெழுத்து இல்லை என்று ஓரமாக வைப்பதற்கு முன் ஏன் இல்லை என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். கேட்ட பிறகு என்ன செய்வதென்று நான் சொல்ல மாட்டேன். விதியை இட்டுக்கட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன் என்று தெரிந்தால் என் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், ஊரிலேயே. அம்மாவைக் கடைசியாக யார் பார்த்துக்கொண்டது, யார் பார்த்துக்கொள்ளவில்லை என்று வந்த பேச்சு, பிறகு பேச்சில்லாமலே போய்விட்டது. தெருமுனை வரை கேட்கச் சண்டை போடும் ஊரில் பிறந்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கொங்குநாட்டுக்காரர்கள் மாதிரி மௌனமாகிவிட்டோம். வீட்டை விற்றுச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம், ஒரு வில்லங்கமும் இல்லாமல். இப்போது எங்கள் இருவர் பெயரிலும் சேர்ந்து ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. எந்த அலுவலகமும் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லப்போவதில்லை. செல்லமுத்துவின் தோப்பிலிருந்து திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தன. அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் போன் போட்டேன். அவள் எடுத்தாள். நலம் விசாரிக்க வாய் வரவில்லை. கைவந்த வேலைதான் வந்தது.

"அம்மா அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்கணும்லா," என்றேன். "சர்ச்ல புதுசா விதி போட்டிருக்காங்களாம். பிள்ளைகள் எல்லாரும் நேர்ல வந்து, கல்லறை பக்கத்துல சேந்து நின்னு ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கணுமாம்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"கல்லறைத் தோட்டக் கமிட்டியில நான்தான் இருக்கேன்க்கா," என்றாள் தங்கை. அது எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாமல் போன எத்தனையோ விஷயங்களில் அதுவும் ஒன்று.

"எப்பம் வாற?" என்று கேட்டாள். பிறகு, "போட்டோன்னா நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்கிட்டு வா," என்றாள்.